கவட்டை எலும்பு

இந்து சொல்லி முடித்ததும் முதலில் கை தட்டியவள் யோகப்பிரியாதான். கடைசியாகத் தட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம். வயிறு எரிகிறவர்களுக்கு மட்டுமே வருகிற பயம் அது.

பாலக்காட்டில் அந்த ஆய்வு மையம் ஒரு பழைய நெல் கிடங்கின் மாடியில் இருந்தது. மண்ணுக்கடியில் கிடைக்கும் பழைய மனித எலும்புகளைச் சுத்தம் செய்து, அளந்து, செத்தது ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நோய் என்று எழுதி வைப்பது அங்கே வேலை. யோகப்பிரியா ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தாள். இந்து வந்து இரண்டு வருஷம்தான். டிசம்பரில் ஒரே ஒரு நிரந்தர வேலை வரப்போகிறது, அது இவர்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் என்பது கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் தெரிந்த சங்கதி.

மேஜையில் இருந்தது ஒரு தொடை எலும்பு. ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடந்தது. அதன் கீழ் முனையில் மூட்டு இருக்க வேண்டிய இடம் காணாமல் போய், இரண்டு கிளையாகப் பிரிந்து, கவட்டைக் குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தது. கிளைகளின் இரண்டு பக்கமும் தேய்ந்து வரிவரியாகப் பள்ளம். ஏதோ ஒரு மிருகம் கடித்திருக்கிறது. எந்த மிருகம் என்பதுதான் கேள்வி. யோகப்பிரியா ஒரு வாரம் பார்த்து, நரி என்று எழுதிக் கொடுத்தாள். மையத்தின் தலைவி ஜோமோள் டீச்சர் அதைப் படித்துவிட்டு, “இந்துவும் ஒண்ணு நோக்கட்டும்” என்றார். இந்து இரண்டே நாளில் வந்து நின்றாள்.

“நரி கடிச்சா பல்லு குத்துன குழி இருக்கணும்லக்கா? இதுல ஒரு குழி கூட இல்ல. கடவாப்பல்லுக்கு நடுவுல வச்சு, அங்கிட்டும் இங்கிட்டுமா அரைச்ச மாதிரி இருக்கு பாருங்க. இது மாடு. உடம்புல சத்து கொறஞ்ச மாடு காஞ்ச எலும்பத் தேடிப்போயி கடிக்கும். எங்க எஸ்டேட் லயத்துல ஒரு மாடு இப்படித்தான், ஆட்டெலும்ப வாயில வச்சுக்கிட்டு நாள் பூரா நிக்கும்.”

அத்தோடு விட்டாளா? மாடு கடித்திருக்கிறது என்றால் அந்தக் காலத்திலேயே இந்தப் பக்கம் மாடு வளர்த்திருக்கிறார்கள். செத்தவரை உடனே புதைக்காமல் மேய்ச்சல் வெளியில் விட்டு, எலும்பு காய்ந்த பிறகு பொறுக்கித் தாழியில் வைத்திருக்கிறார்கள். கடித்த பள்ளங்களுக்குள் இருக்கும் மண்ணும் தாழிக்குள் இருந்த மண்ணும் ஒன்றே என்று பரிசோதித்தும் வைத்திருந்தாள். ஒரு எலும்பின் ஒரு முனையிலிருந்து ஒரு ஊரையே எழுப்பிவிட்டாள்.

“மிடுக்கி!” என்றார் ஜோமோள் டீச்சர். கெட்டிக்காரி என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் யோகப்பிரியாவின் காதில் அந்தச் சொல் ஒருமுறையும் விழுந்ததில்லை.

சரி, யாருக்கோ ஒரு நல்ல யோசனை வந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் மாடு! யோகப்பிரியா பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மாடு கட்டின வீட்டில். காலேஜுக்குப் போகும் நாட்களில் சாண வாசம் போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு பஸ் ஏறியவள். அவளுக்குத் தெரியாத மாட்டைப் பற்றி, இடுக்கி மலையில் தேயிலை கிள்ளுகிறவள் மகள் வந்து சொல்லித்தருகிறாள். அதுவும் எலும்பு கிடைத்தது யோகப்பிரியாவின் சொந்த நிலத்தில். எலும்பும் அவளுடையது, மாடும் அவளுடையது, பெயர் மட்டும் இந்துவுக்கா?

இந்து கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. அவள் அப்படியும் இல்லை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அப்பா வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து நல்ல தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் யோகப்பிரியாவுக்கென்று கொண்டுவருவாள். யோகப்பிரியா அதை அப்படியே கேன்டீனில் கொடுத்துவிடுவாள். இந்துவின் அறிக்கையை அவள் மூன்று தடவை படித்தது ஆர்வத்தால் அல்ல, குற்றம் கண்டுபிடிக்கத்தான். கிடைத்தது ஒன்றே ஒன்று. ஓர் இடத்தில் எண்ணை எழுதிவிட்டு மில்லிமீட்டர் என்று போட மறந்திருந்தாள். சிவப்பு மையில் பெரிதாக வட்டம் போட்டு நீட்டினாள்.

“நல்லவேளை பாத்தீகக்கா. டீச்சர் கண்ணுல பட்டிருந்தா மானம் போயிருக்கும்” என்று இந்து மனசாரச் சிரித்தாள். வட்டம் போட்ட கையையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது யோகப்பிரியாவுக்கு.

அந்தத் தாழி கிடைத்த கதையில் ஒரு ரகசியம் உண்டு. அது யோகப்பிரியாவுக்கும் அவள் தம்பி பூபதிராஜாவுக்கும் மட்டும் தெரியும்.

ஜூன் மாதம் பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி வைத்தான் பூபதிராஜா. அரை மணி நேரத்தில் ஒரு பெரிய பானையின் வாய் உடைந்து எலும்பு தெரிந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான். அவள் திருவனந்தபுரத்தில் நான்கு நாள் பயிற்சியில் இருந்தாள். இப்படி ஏதாவது கிடைத்தால் யாரும் தொடக்கூடாது, மையத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வந்து படமெடுத்து அளந்து எடுப்பார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதைச் சொல்லித்தருவதே யோகப்பிரியாதான். ஆனால் மையத்துக்குச் சொன்னால் என்ன ஆகும்? டீச்சர் அன்றைக்கே இந்துவை அனுப்புவார். தன் வீட்டு நிலத்தில், தன் அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு, தன் தாழிக்குள் இந்து கை விடுவாள். அந்தக் காட்சியை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

“ஆருகிட்டயும் சொல்லாத. போட்டோ எடுத்துக்க. எலும்ப ஒரு பொட்டில எடுத்து ஊட்டுக்குள்ள வெய்யி. தாழி மண்ணு ஒரு பிடி கூட சிந்தக்கூடாது, தனியாச் சாக்குல கட்டு. குழிய ஓலை போட்டு மூடு. நான் ஞாயித்துக்கெழம வர்றேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து எலும்புகளைத் தாழிக்குள் இருந்தபடியே திரும்ப வைத்தாள், மண்ணைக் கொட்டினாள், திங்கள் காலை டீச்சரைக் கூப்பிட்டு, இப்போதுதான் கண்டோம் என்றாள். டீச்சர் அவளையே எடுக்கச் சொன்னார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படத்தில் மண்ணுக்குள் மறைந்திருந்த தொடை எலும்பின் கவட்டையை வைக்கும்போதுதான் பார்த்தாள். ஆகா, நமக்கு ஒரு பெயர் கிடைக்கப்போகிறது என்று நினைத்தாள், பாவம்.

‘மிடுக்கி’ கேட்ட அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்குப் போனாள். முகத்தைப் பார்த்ததுமே அம்மா கமலாத்தாள் கேட்டாள்.

“ஏங்கண்ணு, மூஞ்சி இப்படிச் சுண்டிக் கெடக்குது?”

“தலவலிம்மா.”

தலைவலிக்காரிக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. மாடு கட்டுகிற கட்டுத்தாரைப் பக்கம் போனாள். சினையாக இருந்த செவலை மாடு ஒரு பழைய ரப்பர் செருப்பை வாயில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. தாடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பின்னாலேயே வந்த கமலாத்தாள் செருப்பைப் பிடுங்கினாள்.

“இந்தத் தடவ சினையானதுலிருந்து இதே ரோதனை. மண்ணு, செருப்பு, எலும்பு, ஒண்ணையும் உடறதில்ல. டாக்டரு தாது உப்பு வெக்கச் சொல்லியிருக்கறாரு.”

“எலும்பா? எந்த எலும்பும்மா?”

கமலாத்தாள் மகனைப் பார்த்தாள். தண்ணி காட்டிக்கொண்டிருந்த பூபதிராஜாவுக்குத் திடீரென்று தோப்பில் மோட்டார் ஓடுவது ஞாபகம் வந்துவிட்டது. யோகப்பிரியா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ ஊட்டுக்குள்ள வெய்யின்னு சொல்லிப்போட்ட. அம்மா உட்டாத்தானே? ஆரு எலும்போ என்னமோ, சாமிரூமுக்கு நேரா வெக்கறதான்னு சண்டை. அதான் இங்க தொட்டிக்கு மேல பலகைல வெச்சேன். காத்தால வந்து பாக்கறேன், பொட்டி கீழ கெடக்குது, நீளமா ஒண்ணு இது வாயில.”

“அப்பறம்?”

“புடுங்கிட்டேன். மொனை வெள்ளவெளேர்னு இருந்துச்சு. நீ பாத்தா என்னைக் கொன்னு போடுவியல்ல? சாக்குல இருந்த தாழி மண்ணுல ரெண்டு பிடி கரைச்சு நல்லாப் பூசி, நெழல்ல காய வெச்சேன். ரெண்டு மூணு தடவ பூசுனதுல கலரு சேந்துபோச்சு.”

“நானும் சும்மா இல்ல கண்ணு” என்றாள் கமலாத்தாள். “அந்தச் செத்த மனுசனுக்கு ஒரு வாழப்பழம் வெச்சு, சூடம் காட்டி, வாயில்லாச் சீவன் தெரியாம கடிச்சுப்போச்சு, மன்னிச்சுக்க சாமின்னு கும்பிட்டுட்டேன்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் பத்திரமாக இருந்த எலும்பு, அவள் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரே ராத்திரியில் கெட்டுப்போயிருக்கிறது. யோகப்பிரியாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அந்த வாரம் முழுக்க எரிந்த வயிறு சில்லென்று ஆனது. கடித்தது மாடுதான், ஆனால் கடித்தது ஜூன் மாதம்! மேய்ச்சல் வெளி, பொறுக்கி வைத்த எலும்பு, பழங்காலத்து மாட்டு மந்தை எல்லாம் போச்சு. இந்து எழுப்பிய ஊர் மொத்தமும் செவலை மாட்டின் வாய்க்குள் போச்சு.

இருந்தாலும் அவள் படித்தவள், சும்மா வாயால் சொன்னால் போதாது என்று தெரியும். கறிக்கடையிலிருந்து பழைய ஆட்டெலும்பு இரண்டு வாங்கி, நன்றாகக் காயவைத்து, தொட்டியில் போட்டாள். செவலை அதைக் கடிப்பதை வீடியோ எடுத்தாள். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது ஒன்றில் கவட்டை விழுந்திருந்தது. அதே இரண்டு கிளை, அதே வரிப்பள்ளம். அதைத் துணியில் சுற்றி, நகை வாங்கி வருகிறவள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

இனி செய்ய வேண்டியதற்கு இரண்டு வழிகள் இருந்தன. இந்துவைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஆகிவிட்டது, கட்டுரையை நிறுத்து என்று சொல்லலாம். அல்லது நவம்பரில் நடக்கப்போகும் கருத்தரங்கு வரை காத்திருக்கலாம். அதற்கு வெளியூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், நேர்காணல் நடத்தப்போகிறவர்களும் முன்வரிசையில் உட்காருவார்கள். யோகப்பிரியா யோசித்தாள் என்று சொல்வதற்கில்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

எலும்பு வீட்டில் இருந்த நான்கு நாள் கணக்கு மட்டும் இடித்தது. அதற்கும் பூபதிராஜாவே வழி சொன்னான்.

“நான் பாட்டுக்கு எடுத்து வெச்சுட்டேன், உனக்குத் தெரியாதுன்னு சொல்லிப்போடு. எனக்கென்ன வந்துச்சு, நான் மாட்டுக்காரன். என்ற வேலையா போகப்போகுது?”

அவன் அப்படிச் சொன்னபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதற்காகத் திட்டத்தை மாற்றுகிற அளவுக்கு இல்லை.

கருத்தரங்கு அன்று இந்து நீலப் பட்டு உடுத்தி வந்தாள். அது அவளுக்கு நன்றாக வேறு இருந்தது. இங்கிலீஷில் நிதானமாகப் பேசினாள். படத்தைப் பெரிதாகக் காட்டி, ஒவ்வொரு வரியாக விளக்கினாள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இந்து, இந்த எலும்பை ஒரு கீறல் படாமல் எடுத்துத் தந்த யோகப்பிரியா அக்காவுக்கு நன்றி என்றாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. யோகப்பிரியா ஆறு வாரமாகக் காத்திருந்த நேரம் அது. எழுந்தாள்.

அவளும் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தாள். தன் தம்பி யாரிடமும் சொல்லாமல் எலும்பை எடுத்து நான்கு நாள் மாட்டுத் தொட்டிக்கு மேல் வைத்திருந்தான், மாடு கடித்துவிட்டது, பயந்துபோய்த் தாழி மண்ணையே பூசி மறைத்துவிட்டான், தனக்கு இப்போதுதான் தெரியவந்தது என்று அடுக்கடுக்காகச் சொன்னாள். செவலையின் வீடியோவைத் திரையில் போட்டாள். ஆட்டெலும்பை மேஜையில், தொடை எலும்பின் படத்துக்குக் கீழே வைத்தாள். திரையில் மாடு நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது.

யோகப்பிரியா இந்துவின் முகத்தைப் பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனையும். அந்த முகம் கோணும், அழும், குறைந்தபட்சம் சிவக்கும் என்று எதிர்பார்த்தாள்.

இந்து மேடையை விட்டு இறங்கி வந்து ஆட்டெலும்பைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீடியோவை இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு ஒலிபெருக்கியை வாங்கி, கடித்தது மாடு என்பது சரி, காலம் தப்பு, என் முடிவு முழுவதையும் இப்போதே திரும்பப் பெறுகிறேன், அச்சேறுவதற்கு முன் சொன்ன அக்காவுக்கு நன்றி என்றாள். குரல் ஓர் இடத்தில்தான் தடுமாறியது. முன்வரிசையில் அந்தப் பேராசிரியர் எழுந்து நின்று கை தட்டினார். பின்னாலேயே அரங்கம் முழுக்கத் தட்டியது.

தோற்றவளுக்குக் கைதட்டல்! யோகப்பிரியாவுக்குக் காது அடைத்தது. ஜெயித்தது நானல்லவா, எலும்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தது நானல்லவா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஜோமோள் டீச்சர் கை தட்டவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோகப்பிரியாவைப் பார்த்தார்.

“நாலு திவசம் உன் தம்பி எலும்பை வெச்சிருந்தான். சொந்த அக்கா எலும்பு படிக்கிறவள். அவளை ஒரு தடவை கூடவா விளிக்கல?”

யோகப்பிரியா வாயைத் திறந்தாள். பொய் தயாராகத்தான் இருந்தது, ஆனால் டீச்சரின் பார்வைக்கு முன்னால் அது வெளியே வர மறுத்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும். அதற்குள் இந்து பேசிவிட்டாள்.

“டீச்சர், அக்கா அப்ப திருவனந்தபுரத்துல ட்ரெய்னிங்ல இருந்தாக. அங்க போனெல்லாம் வாங்கி வச்சுக்கிடுவாக. தம்பி கூப்பிட்டிருந்தாலும் அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது.”

டீச்சர் தலையாட்டினார். முன்வரிசையிலும் தலைகள் ஆடின. ஆமாம், இப்போதெல்லாம் அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. வேலையும் போகவில்லை, பெயரும் போகவில்லை, டிசம்பர் நேர்காணலுக்கு முன்னைவிடத் தெம்பாகவே போகலாம்.

ஆனால் அந்த நான்கு நாளும் யோகப்பிரியாவின் போன் அவள் கையில்தான் இருந்தது. இது இந்துவுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் இன்று என்ன சொல்லித்தந்தார்கள் என்று மத்தியானம் மத்தியானம் கூப்பிட்டுக் கேட்டதே அவள்தான். தெரிந்தேதான் பொய் சொல்கிறாள். இந்த நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும், விளங்கியும் காப்பாற்றுகிறாள்.

யோகப்பிரியா அவளைப் பார்த்தாள். இந்து லேசாகக் கண்ணைக் காட்டினாள், உட்காருங்கக்கா என்பது போல. அதைத்தான் தாங்க முடியவில்லை. மாட்டை அறிந்தவள் அவள், தப்பை ஒத்துக்கொண்டவள் அவள், கைதட்டல் வாங்கினவள் அவள். போகிற போக்கில் ஒரு பிச்சை போட்டுவிட்டு நல்லவள் என்ற பெயரையும் அவளே எடுத்துக்கொண்டு போவாளா? நாளைக்குத் தனக்கு நிரந்தர வேலை கிடைத்து நாற்காலியில் உட்கார்ந்தாலும், இது நான் கொடுத்தது என்று அவள் ஒரு நாளும் சொல்லமாட்டாள். சொல்லாமலே தேயிலைத்தூள் கொண்டுவந்து கொடுப்பாள். ஆயுசுக்கும் கொடுப்பாள்.

“போன் என்ற கையிலதான் இருந்துச்சுங்க டீச்சர்” என்றாள் யோகப்பிரியா. இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டிருந்தது. “என்ற தம்பி மொத நாளே கூப்பிட்டுச் சொல்லிட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. எடுத்து வெக்கச் சொன்னது நானு. ஞாயித்துக்கெழம போயித் திரும்பத் தாழிக்குள்ள வெச்சதும் நானு.”

“எந்தினா?” என்று கேட்டார் டீச்சர். “எதுக்காக?”

யோகப்பிரியா டீச்சரிடமிருந்து கண்ணை எடுத்தாள். இந்துவின் பக்கம் திரும்பினாள்.

“நீ எங்க தோட்டங்காட்டுக்குள்ள காலெடுத்து வெச்சுரக் கூடாதுன்னுதான் இந்து. வேறொண்ணுமில்ல. உன்னைக் கண்டா எனக்கு ஆகாது. நீ வந்த நாள்லருந்தே ஆகாது.”

அரங்கத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஜோமோள் டீச்சர் முன்னால் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கோப்புக்குள் வைக்க ஆரம்பித்தார். டிசம்பர் வேலை அந்தக் கோப்போடு மூடிக்கொண்டது என்பது யோகப்பிரியாவுக்குப் புரிந்தது. இனி ஒப்பந்த வேலையும் இருக்காது. எலும்புக்கு அருகில் அவளை யாரும் விடமாட்டார்கள்.

இந்து ஆட்டெலும்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். கண் நிறைந்துவிட்டது. நரியா மாடா என்று எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுகிறவளுக்கு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பதிலும் வரவில்லை.

எல்லாம் போன அந்த நேரத்திலும் யோகப்பிரியாவுக்கு அது பிடித்திருந்தது.